அண்ணன் கொடுக்க வந்த எலும்பு மஜ்ஜை

எனக்கு முதுகு வலி வந்தபோது வீட்டில் யாரும் பதறவில்லை. முப்பத்து மூன்று வருடம் அரசுப் பேருந்தில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவனுக்கு முதுகு வலிக்காமல் வேறு எது வலிக்கும் என்று என் மனைவி கேட்டாள். செங்கல்பட்டில் கிளம்பி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் தடத்தில்தான் என் வேலைக்காலம் முக்கால்வாசியும் கழிந்தது. அந்தச் சாலையில் உள்ள பள்ளங்களை எல்லாம் என் முதுகுத்தண்டு மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது என்று நானும் நினைத்தேன். ஓய்வு பெற்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது.

கருங்குழியில் எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தைலம் கொடுத்தார். ஒருவர் பாயில் படுக்கச் சொன்னார். பாயில் படுத்ததால்தான் வலி என்று இன்னொருவர் சொன்னார். மருந்துக்கடைக்காரர் இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட் தந்தார். அதைக் கட்டிக்கொண்டு நடந்தபோது தெருப் பிள்ளைகள் எனக்குக் குண்டு தூக்கும் வீரர் என்று பெயர் வைத்தார்கள். இப்படியே நான்கு மாதம் போனது.

ஐந்தாவது மாதம் ஒருநாள் காலை, பல் துலக்கும்போது தும்மினேன். குனிந்தவன் நிமிர முடியவில்லை. மதுராந்தகத்தில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். முதுகில் ஒரு எலும்பு அமுங்கிப் போயிருந்தது. எங்கே விழுந்தீர்கள் என்று கேட்டார். விழவில்லை, தும்மினேன் என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ரத்தம், சிறுநீர் என்று ஒரு பக்கம் முழுக்கப் பரிசோதனைகளை எழுதினார். முடிவு வந்தபோது ரத்தம் குறைவாகவும், பேர் தெரியாத ஒரு புரதம் தேவைக்கு மேலேயும் இருந்தது. சென்னை போகும் வழியில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு, ரத்த நோய் பார்க்கும் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டார்.

அந்த டாக்டர் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். நிதானமாகப் பேசுவார். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்துச் சோதித்த பிறகு, என்னையும் என் மனைவியையும் உட்கார வைத்துச் சொன்னார். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில், கிருமிகளோடு சண்டை போடும் புரதத்தைச் செய்கிற ஒரு வகை செல் இருக்கிறதாம். அதில் ஒன்று கெட்டுப்போய், தன்னைப் போலவே ஆயிரக்கணக்கில் பெருகி, உள்ளிருந்து எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறது. புற்றுநோய் வகைதான். பெயர் மல்டிபிள் மைலோமா.

என் மனைவி அந்தப் பெயரை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். அப்படியும் சொந்தக்காரர்களுக்கு ஃபோனில் சொல்லும்போது தடுமாறினாள். அவளுடைய சித்தி ஒருத்தி அரைகுறையாகக் கேட்டுவிட்டு, நான் மைலாப்பூரில் ஏதோ ஆஸ்பத்திரியில் கிடப்பதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். இரண்டு பேர் மைலாப்பூர் போய், ஆர்லிக்ஸ் பாட்டிலோடு என்னைத் தேடிவிட்டுத் திரும்பினார்கள். அதற்கும் என்மேல்தான் கோபித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு டாக்டரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. எவ்வளவு நாள் இருப்பேன் என்றேன். நாள் கணக்கு வேண்டாம், வருஷக் கணக்கிலேயே பேசலாம் என்றார். முழுசாகப் போய்விடுமா என்று என் மனைவி கேட்டாள். அதற்கு அவர் பொய் சொல்லவில்லை.

"அடங்கும்மா. அடக்கி வைக்கறதுக்குத்தான் இத்தனை மருந்தும். முன்னாடியெல்லாம் ரெண்டு, மூணு மருந்துல ஆரம்பிப்போம். பலமான ஒண்ணைக் கையில வச்சிருந்து, நோய் திரும்பி வந்தா குடுப்போம். இப்ப அதையும் சேர்த்து நாலா முதல்லயே குடுக்கறோம். முதல் அடி பலமா விழுந்தா அது எழுந்திருக்க ரொம்ப நாள் ஆகுது."

நான்கு மருந்து என்றால், வயிற்றுத் தோலுக்கடியில் போடும் ஊசி இரண்டு. அதில் ஒன்றை நர்ஸ் ஐந்து நிமிடம் வரை மெதுவாக ஏற்றுவார். நாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும். மூன்றாவது ஒரு கேப்ஸ்யூல். இருபத்தோரு நாள் விழுங்கினால் ஏழு நாள் விடுமுறை. நான்காவது ஸ்டீராய்டு மாத்திரை. வாரத்தில் ஒரே ஒரு நாள், காலைப் பலகாரத்துக்குப் பிறகு, பத்து மாத்திரையை ஒன்றாகப் போட வேண்டும். எனக்கு அந்த நாள் வியாழக்கிழமை. நான்கு மாதம் இப்படிப் போன பிறகு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை. இந்த மருந்துகளின் செலவை எப்படிச் சமாளித்தோம் என்பது வேறு கதை. அதில் சிரிக்க ஒன்றுமில்லை என்பதால் விட்டுவிடுகிறேன்.

கேப்ஸ்யூல் வாங்கப் போனபோது ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருந்த பெண் எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். கல்லூரி முடித்து ஆறு மாதம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். கையில் ஒரு படிவம். அந்த மருந்து வயிற்றில் வளரும் குழந்தையைப் பாதிக்கும், ஆகவே சிகிச்சைக் காலத்தில் குழந்தை உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சுவரைப் பார்த்தபடியே ஒப்பித்தாள். ஆண் நோயாளி ஆணுறை பயன்படுத்த வேண்டும் என்ற வரி வந்ததும் படிவத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். எனக்கு அறுபத்தொன்று. என் மனைவிக்கு ஐம்பத்தேழு. இருவரும் பேரன் எடுத்தாயிற்று.

என் மனைவி படிவத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். முதுகில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, எழுந்து நிற்க மேஜையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, இந்த ஆளப் பாத்தா பயமா கீதா உனக்கு?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நோயின் பெயரைக் கேட்ட நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். நான் மட்டும் கௌரவமாகக் கையெழுத்துப் போட்டேன். கேப்ஸ்யூல் வாங்கப் போகும்போதெல்லாம் மாதாமாதம் அதே படிவம். ஒவ்வொரு மாதமும் அந்தப் பெண், நிலைமையில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்பாள். ஒன்றுமில்லை என்று என் மனைவி வருத்தமான குரலில் சொல்வாள்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். நான் இயல்பில் அதிகம் பேசாதவன். வேலையில் இருந்த காலமெல்லாம் "உள்ள போ, உள்ள போ" என்று கத்தியதிலேயே என் பேச்சு தீர்ந்துவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். முதல் வியாழன் எட்டு மணிக்கு மாத்திரை போட்டேன். பத்து மணிக்கு முதுகு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. பதினொரு மணிக்கு வீட்டில் உள்ள மூன்று மின்விசிறிகளின் இறக்கைகளையும் துடைக்க ஏணி கேட்டேன். ஏணியில் ஏறக் கூடாது என்று என் மனைவி மறைத்து வைத்ததும், பீரோவில் இருந்த துணிகளை எல்லாம் இறக்கி நிறவாரியாக அடுக்கினேன். மத்தியானம் ஜி.எஸ்.டி. ரோட்டு நிறுத்தத்துக்குப் போய், எனக்குச் சம்பந்தமே இல்லாத பேருந்துகளில் ஆட்களை ஏற்றிவிட்டு "போலாம் ரைட்" கொடுத்தேன். ஒரு ஓட்டுநர் என்னை அடையாளம் தெரிந்து வணக்கம் வைத்தார். மற்றவர்கள் பயந்துவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமையும் அந்த வேகம் கொஞ்சம் மிச்சம் இருக்கும். சனிக்கிழமை விழுவேன். சோப்பு விளம்பரத்தில் ஒரு தாய் பிள்ளையின் சட்டையைத் துவைப்பதைப் பார்த்துத் தேம்பி அழுதிருக்கிறேன். யாராவது காபி வேண்டுமா என்று கேட்டால் எரிச்சல் வரும். கேட்காவிட்டால் அதற்கும் எரிச்சல் வரும். இதெல்லாம் அந்த மாத்திரையின் குணம், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி பயப்படவில்லை. புதன்கிழமையே வேலைப் பட்டியல் எழுதி வைக்க ஆரம்பித்தாள். பரண் சுத்தம், அரிசியில் கல் பொறுக்குவது, மூன்று வருடமாகச் சாத்த முடியாமல் இருந்த குளியலறைக் கதவு எல்லாம் வியாழக்கிழமைக் கணக்கில் போனது.

நான்காவது வியாழன் பட்டியல் பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டது. செய்ய ஒன்றுமில்லாமல் கையில் ஃபோனை எடுத்தேன். என் அண்ணனைக் கூப்பிட்டேன்.

இதை விளக்கிச் சொல்ல வேண்டும். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்று, கூடுவாஞ்சேரியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறார். முப்பது வருடம் கம்பெனி பஸ்ஸிலேயே போய் வந்தவர். பஸ் என்றால் ஏறி உட்காருவது, டிக்கெட் எடுப்பதல்ல என்பது அவர் உடம்பில் ஊறிப்போன விஷயம். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு காணும் பொங்கல் அன்று, தன் மகள் வழியில் புதிதாக அமைந்த சம்பந்தி வீட்டாரை மாமல்லபுரம் கடற்கரைக்கு அழைத்துப்போகச் செங்கல்பட்டில் என் பஸ்ஸில் ஏறினார். மொத்தம் ஒன்பது பேர். "ஏறுங்க, நம்ம தம்பி வண்டிதான்" என்று அவர் சம்பந்தியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. கூட்டத்தில் நான் அவரை நெருங்கியபோது வண்டி திருக்கழுக்குன்றம் பக்கம் வந்துவிட்டது. நிறுத்தத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார்.

ஒன்பது டிக்கெட் எடுங்கள் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். இரண்டாம் முறை சொன்னேன். சம்பந்தியம்மா தன் கைப்பையைத் திறந்தார். அந்தக் கைப்பை திறந்த சத்தம்தான் அண்ணனைக் கொன்றுவிட்டது என்று பிறகு என் அண்ணி சொன்னாள். ஒன்பது டிக்கெட்டையும் எடுத்துவிட்டு, திருக்கழுக்குன்றத்திலேயே எல்லோரையும் இறக்கிக்கொண்டு போய்விட்டார். அத்தோடு பேச்சு நின்றது. கல்யாணம், சாவு எல்லாவற்றிலும் ஒரே பந்தலின் இரண்டு மூலையில் உட்கார்ந்தோம். என் மகள் கல்யாணத்துக்கு வந்து, சாப்பிடாமல், கைகழுவிவிட்டுப் போனார். சாப்பிடாமல் எதற்குக் கை கழுவினார் என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை பேசுவார்கள்.

அந்த வியாழக்கிழமை ஃபோனில் நான் நாற்பது நிமிடம் பேசினேனாம். என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். நோயைச் சொன்னேன், தும்மலைச் சொன்னேன், ஊசியைச் சொன்னேன். திருக்கழுக்குன்றத்தில் நான் செய்தது தப்பு, இன்ஸ்பெக்டர் இருந்தால் என்ன, என் கைக்காசைப் போட்டு முன்பே ஒன்பது டிக்கெட் கிழித்து வைத்திருக்க வேண்டும் என்று சொன்னேன். மறுமுனையில் "ம்" என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. முடிவில் அண்ணன், முதுகைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து நேரில் வந்தார். இரண்டு நாள் கழித்து என்றால் சனிக்கிழமை.

நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். அண்ணன் பழப்பையோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். பார்த்தால் தெரியவில்லையா என்றேன். ஆப்பிள் நறுக்கட்டுமா என்றார். எனக்கு ஆப்பிள் பிடிக்காது என்று அவருக்குத் தெரியாதா என்று கேட்டேன். அவர் எழுந்து கூடத்துக்குப் போனார். அங்கே என் மனைவியிடம் அவர் பேசியது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஃபோன்ல அப்டி உருகனான். நேர்ல வந்தா மூஞ்சத் திருப்பிக்கினு கீறான். இன்னாம்மா இது?"

அவள் வியாழன், வெள்ளி, சனி எல்லாவற்றையும் விளக்கினாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப மன்னிப்பு கேட்டது மாத்திரையா, அவனா?"

அதற்கு என் மனைவி என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒன்பது வருடத்தில் எத்தனையோ முறை அவர் எண்ணை எடுத்துப் பார்த்துவிட்டு ஃபோனைக் கீழே வைத்திருக்கிறேன். மாத்திரை அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. கையை மட்டும் தள்ளிவிட்டது. ஆனால் இதை அன்றைக்கு அவரிடம் சொல்ல எனக்குச் சக்தியில்லை. அண்ணன் ஆப்பிள்களை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு வந்து நின்றார். அதற்கடுத்த வியாழனும் வந்தார். பேசும் தம்பி எந்தக் கிழமையில் கிடைப்பான் என்று கண்டுபிடித்துக்கொண்டார். நான் பேசுவேன், அவர் கேட்பார். சில நேரம் இருவரும் சேர்ந்து என் மனைவியின் பட்டியலில் உள்ள வேலையைச் செய்வோம். மூன்று மாதத்தில் ரத்தம் ஏறியது, அந்தப் புரதம் மளமளவென்று இறங்கியது, முதுகு வலி குறைந்தது. பாதத்தில் மட்டும் எறும்பு ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு. அது ஊசியில் ஒன்றின் வேலை என்று டாக்டர் அளவைக் குறைத்தார்.

இதற்கிடையில் எங்களுக்குத் தெரியாமல் கூடுவாஞ்சேரியில் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. அடுத்து எலும்பு மஜ்ஜை மாற்றப் போகிறார்கள் என்று என் மனைவி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். மாற்றுவது என்றால் யாராவது கொடுக்க வேண்டும், கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தானே என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மஜ்ஜை நல்ல தரமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் ஆட்டுக்கால் சூப் குடிக்க ஆரம்பித்தார். அண்ணி விடியற்காலையில் எழுந்து இரண்டு மாதம் ஆட்டுக்கால் வேகவைத்திருக்கிறாள். முப்பது வருடப் பழக்கமான பீடியை விட்டார். காலையில் ரயில் நிலையம் வரை நடந்தார். தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். தெரு நலச் சங்கத்தில் அவருக்கு ஒரு சால்வை போர்த்தினார்களாம்.

மாற்று சிகிச்சை பற்றி முடிவு செய்ய டாக்டர் எங்களை வரச் சொன்ன நாளில், அண்ணனும் கூட வந்தார். துணி, சோப்பு, சீப்பு எல்லாம் வைத்த ஒரு பெட்டி அவர் கையில் இருந்தது. எதற்கு என்று கேட்டேன், பார்த்துக்கொண்டே இரு என்றார். டாக்டர் பேச ஆரம்பிக்கும் முன் அண்ணன் எழுந்து நின்றார். காலையில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்றும், எந்த எலும்பில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றும், இடதுபக்கம் எடுத்தால் கொஞ்சம் வசதி, வலதுபக்கம் திரும்பித்தான் தூங்குவது பழக்கம் என்றும் சொன்னார்.

டாக்டர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அண்ணனை உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாக எடுத்துச் சொன்னார். இந்த நோய்க்குப் பெரும்பாலும் வேறு ஆள் கொடுக்கத் தேவையில்லை. நோயாளியின் ஸ்டெம் செல்லையே எடுத்து, உறைய வைத்து, பலமான ஒரு மருந்தால் மஜ்ஜையைச் சுத்தம் செய்த பிறகு, அவருக்கே திருப்பிக் கொடுப்போம். அவர் செல் அவருக்கே.

அண்ணனுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"அவன் எலும்புலதான டாக்டர் சீக்கு? அத்தயே எடுத்து அதுலயே போட்டா எப்டி? இது நல்ல எலும்பு. ரெண்டு மாசமா சூப் குட்ச்சிகினு கீறேன்."

நல்ல கேள்விதான் என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். கெட்டுப்போன செல் வேறு, நாம் எடுக்கும் விதை போன்ற செல் வேறு என்றார். முதலில் நான்கு மருந்தைக் கொடுத்துக் கெட்டதை அடக்கியதே இதற்காகத்தான். இப்போது எடுத்தால் நல்லது கிடைக்கும். எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நோய் திரும்பினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும் டாக்டர்களும் இப்போது உண்டு, அதில் தப்பில்லை, ஆனால் உங்கள் தம்பி உடம்பு தாங்கும்போதே செய்துவிடலாம் என்பது என் யோசனை என்றார். கடைசியாகச் சொன்னார்:

"உங்க செல்லை இவருக்குப் போட்டா, அது இவர் உடம்பை அந்நியம்னு நினைச்சு உள்ள போய் சண்டை போடும், சார்."

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என் மனைவி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியதிலிருந்து சிரிக்கிறாள் என்று தெரிந்தது.

திரும்பும்போது அண்ணன் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். போர்த்திய சால்வையை என்ன செய்வது என்பதுதான் அவருக்குக் கவலை என்று அண்ணி பிறகு சொன்னாள். செல்லை எடுத்தாகிவிட்டது என்று தெருவில் சொல்லிவிடுங்கள் என்று நான் யோசனை சொன்னேன். யாருடையது என்று சொல்ல வேண்டாமே. அவர் அப்படியே செய்தார். இன்றும் கூடுவாஞ்சேரியில் அந்தத் தெருவில் நான் அண்ணன் எலும்பால் நடமாடுகிறவன்.

செல் பெருகுவதற்கு நான்கு நாள் ஊசி போட்டார்கள். பிறகு ஒரு இயந்திரத்தோடு என்னை இணைத்து, ஒரு குழாய் வழியாக ரத்தத்தை எடுத்து, வேண்டியதைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு குழாயில் திருப்பிவிட்டார்கள். பாதி நாள் அசையாமல் படுத்திருந்தேன். கொஞ்ச நாள் கழித்து வார்டில் சேர்த்தார்கள். பலமான மருந்து ஏற்றும் நாளில் நர்ஸ் ஒரு விஷயம் சொன்னார். மருந்து ஏறும்போதும் அதற்குப் பிறகும் வாயில் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாய் குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்தால், மருந்து அங்கே அதிகம் போகாது, புண் குறைவாக வரும். ஐஸ் தீரத் தீர எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும்.

அண்ணன் எழுந்து நின்றார். மஜ்ஜை கொடுக்க வந்தவருக்கு ஐஸ் கொடுக்கும் வேலை கிடைத்தது. அதை அவர் செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். முகக்கவசம், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு கட்டியாக எடுத்து, கூர் முனை இருந்தால் ஒதுக்கிவிட்டு, வழவழப்பானதை மட்டும் என் வாயில் வைத்தார். தொழிற்சாலையில் உதிரிபாகம் சோதித்த ஆள் அல்லவா. கரையும் முன்பே அடுத்தது தயாராக இருக்கும். நான் பல் கூசித் தலையாட்டினால், இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று குழந்தைக்குச் சோறூட்டுவது போலக் கெஞ்சுவார். வாயில் ஐஸ் இருந்ததால் அன்றைக்கு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது வருடக் கதையை அவர் பேசினார். திருக்கழுக்குன்றத்தில் இறங்கிய பிறகு அடுத்த பஸ் ஒரு மணி நேரம் வரவில்லை என்றும், வந்த தனியார் பஸ் பூஞ்சேரி பக்கம் பழுதாகி நின்றுவிட்டது என்றும், கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டதால் சம்பந்தி வீட்டார் கடலைக் காதால் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள் என்றும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்து ஐஸ் தொண்டைக்குள் போய்விட்டது. நர்ஸ் இருவரையும் திட்டினார்.

மறுநாளுக்கு மறுநாள் என் செல்லை எனக்கே ஏற்றினார்கள். பார்த்தால் ஒரு சின்னப் பை, அவ்வளவுதான். அதைக் கெடாமல் வைக்கச் சேர்த்த ரசாயனம் என் மூச்சில் வெளியே வந்து அறையெல்லாம் ஒரு வாடை. யார் இங்கே பூண்டு ரசம் வைத்தது என்று அண்ணன் கதவோரம் நின்று கேட்டார். மக்காச்சோளம் வேகும் வாசனை என்று என் மனைவி சொன்னாள். இதில் அவர்கள் இருவருக்கும் வாக்குவாதம். எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை.

அடுத்த இரண்டு வாரம் வேடிக்கையானதல்ல. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில். சில நாள் யார் வந்தார்கள், போனார்கள் என்றே எனக்கு நினைவில்லை. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நான் உள்ளுக்குள் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் அவை. பிறகு ஒருநாள் காலை, செல் முளைக்க ஆரம்பித்துவிட்டது என்று டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அன்றைக்கு இட்லி ருசித்தது.

மூன்று மாதம் கழித்து மறுபடி மஜ்ஜையைச் சோதித்தார்கள். லட்சத்தில் ஒரு செல் கெட்டதாக இருந்தால்கூடக் காட்டிவிடும் சோதனையாம். ஒன்றும் தென்படவில்லை. நோய் இல்லை என்று டாக்டர் சொல்லவில்லை. தேடினோம், கிடைக்கவில்லை என்றார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். கேப்ஸ்யூலை மட்டும் சின்ன அளவில் தொடரச் சொன்னார். படிவமும் தொடர்ந்தது.

ஆறு மாதம் ஆனதும் இன்னொரு விஷயம் சொன்னார். பழைய மஜ்ஜையோடு, சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் நினைவும் உடம்பிலிருந்து போய்விட்டிருக்கும். முதலிலிருந்து மறுபடி போட வேண்டும். அந்த ஊசியெல்லாம் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவில்தான் போடுவார்கள்.

அண்ணனும் நானும் போனோம். சுவரில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் வரைந்த அறை. ஏழெட்டுத் தாய்மார்கள் மடியில் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு நாற்காலியில் நான், பூனை முடி போலப் புதிதாக முளைத்த தலையோடு. பக்கத்தில் இருந்த பெண், பேரப்பிள்ளை எங்கே என்று கேட்டாள். ஊசி இவனுக்குத்தான் என்று அண்ணன் என்னைக் காட்டினார். எத்தனை மாதம் என்று நர்ஸ் உள்ளிருந்து கேட்டார். ஆறு மாதம் முடிந்துவிட்டது என்றேன். அலறிக்கொண்டிருந்த ஒரு குழந்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது.

பெரியவர்களுக்கான அட்டை அவர்களிடம் இல்லை. சிரிக்கும் குழந்தைப் படம் போட்ட தடுப்பூசி அட்டையையே எடுத்து என் பெயரை எழுதினார் நர்ஸ். தாய் பெயர், தகப்பன் பெயர் எல்லாம் சொன்னேன். பிறந்த எடை என்று ஒரு கட்டம் இருந்தது. அதை விட்டுவிடலாம் என்றார். எழுதுங்கள், எனக்குத் தெரியும் என்று அண்ணன் முன்னால் வந்தார்.

"பொறந்த அன்னிக்கு நான்தாம்மா தூக்கினு இருந்தேன். ரேசன் கட அரிசி வாங்கியாருவேன்ல, அந்த கனம்தான். மூணு படி."

மூன்று படி என்றால் நாலரைக் கிலோ வரும், அவ்வளவு பெரிய குழந்தையாக நான் இருந்திருக்க முடியாது, இரண்டு படிதான், அதாவது மூன்று கிலோதான் இருக்கும் என்றேன். நீ பார்த்தாயா, நான் தூக்கினேன், மூன்றுதான் என்றார் அண்ணன். நான் விடவில்லை, அவரும் விடவில்லை. வரிசையில் இருந்த தாய்மார்கள் எல்லாம் எங்களையே பார்த்தார்கள். நர்ஸுக்குப் படி என்றால் என்னவென்றே தெரியவில்லை. இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தக் கட்டத்தில் மூன்று என்று எழுதினார். படி என்றும் எழுதவில்லை, கிலோ என்றும் எழுதவில்லை. பிறகு என்னைச் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்.